விபாசனா என்னும் பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போய்வந்தவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிமிடம் எது?

உப்பளத்துக்காரி

போன மார்கழியில் திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் பத்து நாள் முடித்தேன். நாலு மணிக்கு அடிக்கும் மணி, ஆனாபானா என்னும் மூச்சுக் கவனிப்பு, முட்டிவலி எல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது பின்வரிசை அம்மாவைப் பற்றி மட்டும்தான்.

எனக்கு நேர் பின்னால் அவர் இடம். அறுபதைத் தாண்டியிருக்கும். ஹாலில் எல்லோரும் அடங்கி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஏப்பம் ஆரம்பித்துவிடும். அடிவயிற்றிலிருந்து கிளம்பி நீளமாக வரும். முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நான் மூச்சைக் கவனிக்கவே இல்லை, அடுத்த ஏப்பம் எப்போது வரும் என்றுதான் காத்திருந்தேன். ஆறாம் நாள் மனதுக்குள் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. யாரோடும் பேசக் கூடாத ஆர்ய மௌனம் என்பதால் வாய் மூடியிருந்தது, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் காலை மெத்தா, அதாவது மற்றவர் நலம் வேண்டும் தியானம், சொல்லிக்கொடுத்து மௌனம் கலைந்தது. வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தேன். அவர் நேராக என்னிடம் வந்து, “இருமல் இப்ப தேவலையாம்மா?” என்றார். எனக்குப் புரியவில்லை. “வந்த நாளா இருமிக்கிட்டே இருந்தியே. ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து முடிக்கும்போது உனக்குத்தான் முதல்ல மெத்தா கொடுத்தேன்” என்றார். அவர் பழைய மாணவி, ஏற்கெனவே சில முறை வந்தவர்.

நான் இருமியதே எனக்கு நினைவில் இல்லை. அவருக்கு ஏப்பம் வந்தது மட்டும் எத்தனை தடவை என்று கணக்கு வைத்திருந்தேன். “பரவாயில்லம்மா” என்று ஏதோ உளறினேன். அவரைத் திட்டினேன் என்று சொல்லவில்லை. ஏழு மாதம் ஆகிறது. அந்தச் செருப்பு வைக்கும் இடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை

எனக்கு உறுத்துவது ஒரு வாழைப்பழம். வேறு மையம், வேறு வருடம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் புது மாணவர்களுக்குப் பொரியும் பழமும் டீயும். பழைய மாணவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். நாலாம் நாள் நான் இரண்டு பழம் எடுத்து ஒன்றைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். பசி இல்லை. ராத்திரிக்கு இருக்கட்டும் என்று கை தானாகப் போனது.

ஆறு மணிக்கு அதிட்டானம், ஒரு மணி நேரம் அசையக் கூடாது. பழம் நசுங்கி வாசனை மூக்கில் ஏறியது. தலை, நெற்றி, தோள் என்று கவனித்துக்கொண்டே வந்தால் நெஞ்சுக்கு வரும்போது பழம் இருக்கிறது. அந்த வாசனையில் எனக்கு ஒன்பது வயது ஹாஸ்டல் ஞாபகம் வந்துவிட்டது. அங்கே ராத்திரிச் சாப்பாடு சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. மத்தியானம் கிடைத்ததில் பாதியைத் தாளில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைப்பேன். இப்போது எனக்கு 46 வயது, சொந்தக் கடை, வீட்டில் ஃப்ரிட்ஜ் நிறைய சாப்பாடு. கை மட்டும் இன்னும் அந்த ஹாஸ்டலிலேயே இருக்கிறது.

கண்ணீர் வந்தது, துடைக்கவும் முடியாது, அசையக் கூடாதே. மறுநாள் ஐந்து மணிக்கு ஒரு பழம் மட்டும் எடுத்தேன். எடுத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். போதும் என்ற நினைப்பு உடம்புக்குள் எந்த இடத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் முதல் முறை தெரிந்தது. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு தளர்வு. சந்துட்டி பரமம் தனம், மனநிறைவே பெரிய செல்வம் என்று தம்மபதத்தில் வரும் வரியை அதற்கு முன்னால் காலண்டரில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.

மாரிக்குப்பம்

இரண்டு பேர் எழுதியதும் மனதைத் தொட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பத்து நாள் கண்ணை மூடி உட்கார்ந்தால்தான் பௌத்தம் என்பது போல இந்த இழை போகிறது. எங்கள் ஊர்ப் பௌத்தம் அப்படி வந்ததில்லை.

நான் கோலார் தங்கவயல். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898ல் கொழும்பு போய், பௌத்தத்தின் ஐந்து ஒழுக்கங்களான பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். அதன் கிளை எங்கள் சுரங்கத் தொழிலாளிகள் நடுவே வேர்விட்டது. 1907ல் அவர் தொடங்கிய பத்திரிகை எங்கள் லயன் வீடுகளில் சத்தமாகப் படிக்கப்பட்டது என்று ஆயா சொல்லும். அம்பேத்கர் நாக்பூரில் தீட்சை எடுத்தது 1956. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே எங்கள் ஆட்கள் தமிழில் பஞ்சசீலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என் அனுபவம் சின்னது. 2001 பிப்ரவரி 28, சுரங்கம் மூடினார்கள். அப்பாவுக்கு வேலை போனது. அந்த வருஷ வைசாகப் பௌர்ணமிக்கு, புத்தர் பிறந்த நாளுக்கு, ஆயா வழக்கம்போல அண்டாவை ஏற்றி எல்லோருக்கும் கஞ்சி ஊற்றக் கிளம்பியது. “நமக்கே அரிசி இல்ல, இது எதுக்கு ஆயா?” என்று கத்தினேன். ஆயா திட்டவில்லை. என் கையைப் பிடித்து அரிசிப் பானைக்குள் விட்டு, “அடி தட்டுதா?” என்று கேட்டது. தட்டவில்லை. “அப்ப இருக்குது” என்றது.

அந்த வருஷம் கஞ்சி தண்ணியாகத்தான் இருந்தது. வாங்க வந்தவர்களும் வேலை போனவர்கள்தான். எங்களுக்குக் கருணை என்றால் அதுதான், பக்கத்து வீட்டுக்காரனைப் பட்டினி போடாமல் இருப்பது. சாதியால் மிதிபட்டவனுக்கு முதலில் வேண்டியது மன அமைதி இல்லை, நிமிர்ந்து நிற்க ஓர் இடம். உட்கார்ந்து கவனிப்பதை நான் குறை சொல்லவில்லை. அதையே முழுசாக நினைக்காதீர்கள் என்கிறேன்.

காலை நான்கரை

நான் மூன்று முறை போயிருக்கிறேன். இகத்புரி தம்ம கிரி மையத்திலும் ஒரு முறை. இரண்டாவது முறை எட்டாம் நாள் ஒரு கொசு என் இமையில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனது, நான் அசையவில்லை. அது ஒன்றுதான் என் அனுபவம்.

சகோதரி உப்பளத்துக்காரி, குற்ற உணர்வைச் சுமக்காதீர்கள். அம்பு தைத்தவனுக்கு வலி ஒன்று, அதை நினைத்துப் புழுங்குவது இரண்டாவது அம்பு என்று சல்லத்த சுத்தம் என்ற உபதேசத்தில் புத்தர் சொல்கிறார். நீங்கள் ஏழு மாதமாக இரண்டாவது அம்பைத்தான் குத்திக்கொண்டிருக்கிறீர்கள். தினமும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காருகிறீர்களா? அதை விட்டால் பத்து நாளில் சேர்த்தது ஆறு மாதத்தில் கரைந்துவிடும். விடிகாலையில் உட்காருங்கள், வீடு விழித்துக்கொண்டால் நடக்காது. முடிக்கும்போது ஐந்து நிமிடம் மெத்தா, அதில் அந்த அம்மாவுக்கு முதலிடம் கொடுங்கள். முட்டி வலிக்கிறவர்கள் இடுப்புக்குக் கீழே இன்னொரு மெத்தை வையுங்கள், முட்டி இடுப்பை விடத் தாழ்ந்திருக்க வேண்டும். நாற்காலி கேட்டாலும் தருவார்கள், வெட்கப்பட வேண்டாம். மனநலத்துக்கு மருந்து எடுக்கிறவர்கள் விண்ணப்பப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மருத்துவரிடமும் கேளுங்கள். புதிதாகப் போகிறவர்கள் மூன்றாம் நாளும் ஆறாம் நாளும் ஓடத் தோன்றும் என்று தெரிந்துகொண்டு போங்கள். பாதியில் கிளம்புவது ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்து ஓடுவது மாதிரி. எவ்வளவு கஷ்டமானாலும் கிளம்பக் கூடாது.

மாரிக்குப்பம் ஐயா சொன்னதற்கு: மனம் அழுக்காக இருந்தால் கொடுக்கிற கஞ்சியிலும் அகங்காரம் சேரும்.

மாரிக்குப்பம்

என் ஆயா கஞ்சியில் உப்பு தவிர எதுவும் சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள்

காலை நான்கரை அவர்களே, நான் அந்த மேசையிலிருந்து எழுந்து வந்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகாமல் போய்விட்டேன். போயிருக்கக் கூடாது, அது என் அவசரம். மூச்சை மட்டும் கவனியுங்கள் என்றார்கள். எனக்கு என் மூச்சு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி ராத்திரி அப்பாவின் தொண்டையில் இழுத்த அந்தச் சத்தம்தான் கேட்டது, மூன்று நாளும். ஆசிரியர் பொறுமையாகப் பேசினார், ஒரு நாள் இருந்து பாருங்கள் என்றார். முடியவில்லை.

மறுநாள் காலை அங்கே தொண்டு செய்யும் தம்ம சேவகர் ஒருவர் என் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தார். என்னை விடச் சின்னப் பையன். “அண்ணா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்க. முடிஞ்சா அம்மா பக்கத்துல படுத்துக்கோங்க” என்றான். ஆட்டோ வரும்வரை பையைக் கீழே வைக்காமல் நின்றான்.

அம்மா பக்கத்தில்தான் படுத்தேன். அம்மாவும் தூங்காமல் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விடியும்வரை அப்பாவைப் பற்றிப் பேசினோம்.

கிசா கௌதமி செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கண்ணை மூடி உட்கார் என்று புத்தர் சொல்லவில்லை. சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வா என்று வாசல் வாசலாக அனுப்பினார். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் அவளிடம் தங்கள் சாவைச் சொல்லியிருப்பார்கள் இல்லையா? எனக்கு அது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. கிளம்பவே கூடாது என்று பொதுவாக எழுதாதீர்கள். இதைப் படித்து யாராவது தாங்க முடியாததைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.

காலை நான்கரை

அப்பாவைப் பற்றித் தெரியாமல் எழுதிவிட்டேன். “கிளம்பவே கூடாது” என்றதை எடுத்துக்கொள்கிறேன் தம்பி.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை

மூன்றாம் நாள், கேட்டில் நின்ற அந்தப் பையன் முகம் எனக்கும் தெரிந்த மாதிரி இருக்கிறது. மாரிக்குப்பம், உங்கள் ஆயா பானையை நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் கை அந்த வயதில் அப்படி ஒரு பானைக்குள் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று.

உப்பளத்துக்காரி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தினமும் உட்காருகிறேனா என்று கேட்டீர்கள். காலையில் உட்காருகிறேன், சாயங்காலம் நடப்பதில்லை. அந்த அம்மாவைத் தேட வழி இல்லை, போளூர் பக்கம் என்று மட்டும் சொன்னார்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். பதினோராம் நாள் காலை கடைசி உட்காரல் முடிந்ததும் அவர் சால்வை மெத்தை மேலேயே கிடந்தது, அவர் சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்துகொண்டிருந்தார். நான் அதை உதறி மடித்துக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளும்போது அவருக்கு ஏப்பம் வந்தது. “மன்னிச்சுக்கோம்மா, வயித்துல ஆபரேஷன் பண்ணதுலருந்து இப்படித்தான்” என்றார்.