நண்பனிடம் புலம்புவதற்கும் சைக்காலஜிஸ்டிடம் பேசுவதற்கும் என்ன வித்தியாசம்?

வைகைக்கரை:
மதுரையில் வங்கி வேலை, கேஷ் கவுன்டர். கிளை மாற்றி வந்ததிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, சாயங்காலம் கேஷ் டேலி ஆகாமல் போய்விடுமோ என்ற பயம் படுக்கையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஈசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். டாக்டர் சைக்காலஜிஸ்டைப் பார்க்கச் சொல்கிறார். தினமும் டீக்கடையில் நண்பனிடம் கொட்டித் தீர்க்கிறேனே, முன்பின் தெரியாதவரிடம் காசு கொடுத்துப் பேசினால் மட்டும் என்ன ஆகிவிடும்? ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேறு.

கோடைமழை:
நான் ஆசிரியை, போய் வந்தவள். நண்பர் "விடுடா, சரியாயிடும்" என்பார், அங்கே அப்படி விடமாட்டார்கள். ஹெச்எம் கூப்பிட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். சைக்காலஜிஸ்ட் முதலில் கதையை எல்லாம் கேட்டுக்கொண்டார்கள், சும்மா பேசி என்ன பயன் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதச் சொன்னார்கள்: என்ன நடந்தது, அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது, அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன. "திட்டத்தான் கூப்பிடுகிறார்" என்று நான் எழுதியதற்குப் பக்கத்தில் உண்மையில் நடந்ததைப் பார்த்தால் பெரும்பாலும் பரீட்சை டைம்டேபிள் விஷயம்! அடுத்து, அவர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நானாகவே வாரம் ஒருமுறை போய்ப் பேச வேண்டும் என்று வீட்டுப்பாடம். சிபிடி என்பார்கள், நினைப்பையும் நடந்துகொள்வதையும் மாற்றிப் பழக்கும் பேச்சு சிகிச்சை, 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கியது. வருஷக்கணக்காக இழுக்காது, வழக்கமாக 20 அமர்வுக்குள் முடியும்.

சும்மா_ஒருவன்:
மாற்றலானால் எல்லோருக்கும் இருப்பதுதான் சார். ராத்திரி காபியை நிறுத்துங்கள், காலையில் நடங்கள். இதற்கெல்லாம் டாக்டரா?

நாலாம்_வார்டு:
நடப்பது நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ வேலையோ கெட்டுப்போனால் போய்க் காட்டிவிடுவதே சரி, முற்றவிட்டுத்தான் போக வேண்டும் என்றில்லை. செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி போன் எண், மத்திய அரசு 2022ல் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை எழுதுபவர் சைக்கியாட்ரிஸ்ட். பேசிச் சரிசெய்ய கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அவரிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்கள். மூன்று நாள் கோர்ஸ் முடித்துவிட்டு "லைஃப் கோச்" போர்டு மாட்டியிருப்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். செலவு கட்டுப்படியாகாவிட்டால் அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது.

ஆபீஸ் விஷயம்: 2017 மனநலச் சட்டப்படி நீங்கள் சொல்வதைச் சிகிச்சை கொடுப்பவர்கள் ரகசியமாக வைத்திருக்க வேண்டும். உங்கள் உயிருக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து, கோர்ட் உத்தரவு என்பது போன்ற சில நிலைகளில்தான் விதிவிலக்கு, ஆபத்து என்றாலும் தேவையான அளவுக்கு மட்டும்.

வைகைக்கரை:
சரி, இரண்டாவது சனிக்கிழமை பேங்க் லீவு, அன்றைக்குப் போகிறேன். மனைவியையும் கூட்டிப்போக வேண்டுமா?

கோடைமழை:
உங்கள் இஷ்டம். வந்தாலும் கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈசிஜி, தைராய்டு ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் எடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.