'டிக்', 'பட்', சூடான வெற்றுக்கூடு: ரேஞ்சில் அடிக்கடி கண்ணில் படுபவை

துப்பாக்கி சுடும் பயிற்சிக் களமான ரேஞ்சுக்குப் புதிதாகச் சுட வருபவர்கள் குறி பார்க்கும்போது பெரிதாகத் தவறுவதில்லை. எதிர்பாராத ஏதோ ஒன்று நடந்த அடுத்த இரண்டு நொடிதான் ஆபத்து. ட்ரிகரை இழுத்தாயிற்று, 'டிக்' என்று மட்டும் கேட்கிறது. "என்னாச்சு?" என்று பயிற்சியாளர் பக்கம் திரும்புவார்கள். உடம்போடு குழலும் திரும்பும்.

'டிக்' கேட்டால் குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், விரல் ட்ரிகருக்கு வெளியே வரட்டும், 30 வரை எண்ணுங்கள். பெரும்பாலும் அது செத்த தோட்டாதான், அதாவது வெடிக்காமல் போனது. ஆனால் வெடிமருந்து தாமதமாகப் பற்றும் 'ஹேங் ஃபயர்' அபூர்வமாக நடக்கும். எண்ணி முடித்ததும் மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (மேலே நகரும் பகுதி) இழுத்துத் தோட்டாவை வெளியேற்றி, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் குறை தோட்டாவில். லேசான கீறல்தான் என்றால், பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின் வழியில் அழுக்கோ, தளர்ந்த ஸ்பிரிங்கோ இருக்கலாம். அந்தத் தோட்டாவைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். செத்த தோட்டாவுக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள்.

*

மேலே சொன்ன 30 நொடி ரேஞ்சுக்குச் சரி. தற்காப்புப் பயிற்சியில் கற்றுத் தருவது வேறு: மேகசினை அடியில் தட்டு, ஸ்லைடை இழு, தேவையென்றால் சுடு. இந்த இரண்டும் கைப்பழக்கத்தில் கலந்துவிடும்போதுதான் சிக்கல் வருகிறது.

'டிக்'கை விட 'பட்' மோசம். சத்தம் அமுங்கி, உதை குறைவாக இருந்தால் உள்ளே மருந்து இல்லாத தோட்டா என்று சந்தேகப்படுங்கள். பிரைமரின் வேகம் மட்டும் தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடும். ஸ்லைடு தானாகப் பின்னால் போகவும் பலம் இருக்காது. பழகிய கை 'தட்டு, இழு' என்று ஓடி, அடைத்த குண்டுக்குப் பின்னால் புதுத் தோட்டாவை ஏற்றிவிடும். அடுத்த இழுப்பில் குழல் உப்பும் அல்லது பிளக்கும். ஆகவே சத்தம் மாறினால் நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, குழலைத் தனியாகக் கழற்றி, பின்பக்கம் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி எடுக்க வேண்டும். இன்னொரு குண்டைச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று நினைப்பவரும் நிஜமாகவே இருக்கிறார்கள்; ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள்.

*

காலி செய்யும் வரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு. மாற்றிச் செய்தால், ஸ்லைடை இழுத்ததில் ஒரு தோட்டா வெளியே வரும், மேகசினிலிருந்து இன்னொன்று சேம்பருக்குள் (தோட்டா வெடிக்கும் அறை) ஏறும். அதன் பிறகு மேகசினை உருவிவிட்டு "காலி" என்று சொல்லும் துப்பாக்கியில் ஒன்று மிச்சம் இருக்கும். கண்ணால் பார்த்ததோடு விடாமல் சுண்டு விரலையும் சேம்பருக்குள் விட்டுப் பாருங்கள்.

அடுத்தது, சுட்டதும் தெறித்துச் சட்டைக் கழுத்துக்குள் விழும் வெற்றுக்கூடு (காலித் தோட்டா உறை). சுட்ட கூடு தோலைப் பொசுக்கும், ஆள் துள்ளுவார், துப்பாக்கி நாலா பக்கமும் சுழலும். கழுத்து மூடிய சட்டையும் விளிம்பு வைத்த தொப்பியும் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்படியும் விழுந்தால் பொறுத்துக்கொண்டு, முதலில் துப்பாக்கியை மேசையில் வையுங்கள். கை நழுவி விழும் துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்கவும் கூடாது. பிடிக்கிற விரல் ட்ரிகரைத்தான் முதலில் தேடும்.

'சீஸ் ஃபயர்' (சுடுவதை நிறுத்து) என்று கேட்டால் காலி செய்து, திறந்த நிலையில் வைத்துவிட்டுச் சுடும் கோட்டுக்குப் பின்னால் வந்துவிடுங்கள். இலக்குத் தாளை மாற்ற ஆள் முன்னால் போயிருக்கும்போது ஸ்கோப்பைத் துடைக்கக்கூடத் தொடாதீர்கள்.

*

ஷாட்கன்காரர்களுக்கு ஒன்று. கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் குழல் சிறியது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலில் சேம்பரைத் தாண்டி வழுக்கிப்போய் நின்றுகொள்ளும். பார்த்தால் சேம்பர் காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது இதற்காகத்தான். ஒரே பையில் இரண்டையும் போடாதீர்கள்.

காதுக்கு: 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஏறக்குறைய 160 டெசிபல். மூடிய ரேஞ்சில் காதடைப்பானும் மேலே இயர்மஃபும் இரண்டுமே வேண்டும். கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பிரைமர் புகையிலும் தரைத் தூசியிலும் ஈயம் இருப்பதால் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கைகழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் அதே செருப்போடு நுழையாதீர்கள்.

*

தற்காப்பு என்று வாங்குபவர்கள் தாளில் விழும் ஓட்டைகளை வைத்தே தம்மை அளக்கிறார்கள். அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யுலர் 1983-ல் எழுதிய கணக்கு: கத்தியோடு ஓடிவருபவர் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவார். அந்த நேரத்துக்குள் உறையிலிருந்து உருவிச் சுட எல்லாராலும் ஆகாது. அதனால் கதவு, தூரம், தப்பிக்கும் வழி இவைதான் முதலில், துப்பாக்கி பிறகு. இருட்டில் யார் என்று தெரியாமல் சுடக்கூடாது என்பதால் கைவிளக்கு கட்டாயம், துப்பாக்கியில் பொருத்தியது மட்டும் போதாது. துப்பாக்கி விளக்கைக் கொண்டு ஆளைத் தேடினால், தேடுகிற ஆளை நோக்கிக் குழலும் நீண்டிருக்கும். அது உங்கள் மகனாகவும் இருக்கலாம்.