வீடு வீடாகச் சென்று ஜன்னல் கண்ணாடி துடைக்கும் வேலையைத் தேடிப் பிடித்த அனுபவங்கள்: குமரி மாவட்டம்

நாகர்கோவிலிலிருந்து:

வளைகுடா நாட்டில் உயரமான கட்டடங்களின் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கியபடி துடைக்கும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது அதே தொழிலைச் சித்தி மகனுடன் சேர்ந்து வீடுகளுக்குச் செய்து கொடுக்கிறேன். துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தும் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு அழைத்தவர்கள் மிகக் குறைவு. இன்று என்னிடம் உள்ள வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நேரில் போய்க் கதவைத் தட்டியதால் கிடைத்தவர்களே. அந்த அனுபவத்தை எழுதுகிறேன். இதே தொழிலில் உள்ள மற்றவர்களும் தங்களுக்கு நேர்ந்ததை எழுதினால் புதிதாக இறங்குவோருக்கு உதவும்.

நம் மாவட்டத்தில் கதவைத் திறப்பவர் ஒருவராகவும் செலவுக்குச் சம்மதம் சொல்பவர் வேறொருவராகவும் இருப்பதுதான் வழக்கம். பார்வதிபுரம், வெட்டூர்ணிமடம், ராமவர்மபுரம் போன்ற இடங்களில் மாடி வைத்துக் கட்டிய பெரிய வீடுகளில் பகல் வேளையில் வயதான அம்மாவோ அப்பாவோ மட்டும் இருப்பார்கள். பணம் அனுப்பும் பிள்ளை குவைத்திலோ துபாயிலோ பெங்களூருவிலோ இருப்பார். அப்படிப்பட்டவரிடம் வாசலில் நின்றுகொண்டு "வீடு முழுவதற்கும் இவ்வளவு ஆகும்" என்று மொத்தக் கணக்கைச் சொன்னால், "பிறகு பார்ப்போம்" என்பதைத் தவிர அவரால் வேறு என்ன சொல்ல முடியும்? அதனால் நான் வாசலில் மொத்த வீட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. நகைக்கும் பாத்திரத்துக்கும் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, பொன்னைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகும் கூட்டத்தைப் பற்றி எல்லா வீட்டிலும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். காவல்துறையும் அடிக்கடி எச்சரிக்கிறது. கையில் திரவப் பாட்டிலோடு ஓர் ஆள் வாசலில் வந்து "சுத்தம் செய்து தருகிறேன்" என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கூட்டம்தான். ஆகவே பாட்டில்களையெல்லாம் வண்டியிலேயே வைத்துவிட்டு, வைப்பரும் காலி வாளியும் மட்டும் வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வேன். தண்ணீரை அவர்கள் வீட்டுக் குழாயிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்வேன். கொடுக்கும் அட்டையில் கைப்பேசி எண்ணோடு எங்கள் வீட்டு முகவரியையும் அச்சடித்திருக்கிறேன். "எந்த ஊரு, யாருக்க மகன்?" என்ற கேள்வி எப்படியும் வரும், அதற்கு நேரான பதில் சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

வெட்டூர்ணிமடத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டைத் திறக்காமலேயே, "மக்கா, எனக்கு ஒண்ணும் வேண்டாம், மகன் வந்த பெறவு பாக்கலாம்" என்றார். வாசலுக்கு இடப்புறம் இருந்த ஜன்னலில், செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது தெறித்த போர்வெல் தண்ணீர் காய்ந்து காய்ந்து வெள்ளைப் படலமாகப் பிடித்திருந்தது. "அம்மா, காசு வேண்டாம், அந்த ஒரு ஜன்னல் கதவை மட்டும் துடைத்துக் காட்டட்டுமா? நீங்கள் உள்ளே நின்றே பார்க்கலாம்" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு முற்றம் வரை வர அனுமதித்தார். கண்ணாடியை முதலில் தண்ணீர் ஊற்றி நனைத்து, எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலத் தூள்) கரைத்த நீரில் தோய்த்த துணியைக் கறையின் மேல் சில நிமிடங்கள் ஒட்டி வைத்தேன். அந்தத் தண்ணீர் மார்பிள் படியில் சொட்டினால் அதன் மினுமினுப்பு போய்விடும் என்பதால் கீழே பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொண்டேன். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, வைப்பரை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் இழுத்து, ஓரத்தில் தங்கிய ஈரத்தைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். பக்கத்துக் கதவு அப்படியே மங்கலாக இருந்ததால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே கைப்பேசியில் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். மகன் உடனே காணொளியில் அழைத்து, மாடிக்கு ஏணி இருக்கிறதா, விழுந்தால் யார் பொறுப்பு, கண்ணாடி உடைந்தால் என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கியது.

அதன் பிறகு இந்த முறையை நான் மாற்றவே இல்லை: ஒரே ஒரு கதவைத் துடைத்துக் காட்டுவது, துடைக்காத கதவையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்வது, தொலைவில் இருப்பவரிடம் பேசும் வாய்ப்பை வீட்டில் இருப்பவர் வழியாகவே பெறுவது. பிள்ளைகளின் எண்ணை நாமாகக் கேட்பது நல்லதல்ல; அது அத்துமீறலாகத் தெரியும்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். ஞாயிறு காலையில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் போனால் பாதி வீடுகள் ஆராதனைக்கோ பூசைக்கோ போய்ப் பூட்டிக் கிடக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் இடலாக்குடி, திருவிதாங்கோடு தெருக்களுக்குச் செல்வது வீண்; அது பள்ளிவாசல் தொழுகை நேரம். உச்சி வெயில் தாழும் வரை வயதானவர்கள் படுத்திருப்பார்கள். விளக்கு வைத்த பிறகு காசுப் பேச்சை எடுப்பதைப் பல வீடுகளில் விரும்ப மாட்டார்கள். எஞ்சியது காலை பத்து மணியிலிருந்து மதியச் சமையல் மும்முரமாவதற்கு முன்பு வரையிலான நேரமும், மாலை நான்கு மணிக்கு மேல் ஒரு சிறு இடைவெளியும்தான்.

குளச்சலிலிருந்து:

நாகர்கோவில் அண்ணன் எழுதியது கடலோரத்துக்கும் பொருந்தும். ஆனால் எங்கள் பக்கத்துக் கணக்கு சற்று வேறு. கடலைப் பார்த்த வீடுகளில் உப்புக் காற்று இடைவிடாமல் கண்ணாடியில் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதால், துடைத்த சில நாட்களிலேயே மீண்டும் மூட்டம் போட்டதுபோல் ஆகிவிடும். நான் வாசலில் நின்று "ஒரு முறை துடைத்தால் போதும்" என்று எப்போதும் சொன்னதில்லை. மாதம் ஒரு முறை வருகிறேன், வெளிப்பக்கம் மட்டும், இவ்வளவு ரூபாய் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவேன். முட்டத்தில் ஒரு வீட்டுக்காரர், "மாசாமாசமா? இது என்ன கரண்டு பில்லா?" என்று சிரித்தார். அவருடைய கடல் பக்கத்து ஜன்னலில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். உப்புக் கரித்தது. அந்த உப்பு கண்ணாடியோடு நிற்காமல் அலுமினியச் சட்டத்தையும் தாழ்ப்பாளையும் தின்றுவிடும் என்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழைய தாழ்ப்பாள்கள் துருவேறி நின்றதை அவரே எனக்குக் காட்டினார். இன்றும் அவர் மாத வாடிக்கையாளராக இருக்கிறார்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே கரையில் கிடப்பது இல்மனைட், சிர்க்கான், கார்னெட் ஆகிய தாதுக்கள் கலந்த கனமான மணல். காற்றில் பறந்து வந்து கண்ணாடியில் ஒட்டும் அந்தத் துகளை உலர்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி கீறிவிடும். முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வாசலில் மாதிரி காட்டும்போதே இதைச் சொல்லிச் செய்தால், வீட்டு வேலைக்கு வருபவர் துடைப்பதற்கும் நாம் துடைப்பதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் புரியும். "எங்க வீட்டுல தொடைக்க ஆள் உண்டு" என்று கேட்டை மூடிக்கொண்டிருந்த பல வீடுகளில் எனக்கு வேலை கிடைத்தது இதனால்தான்.

எப்போது தட்டக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த நாட்களில் படகுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்று கண்ணாடி துடைக்கக் காசு கேட்பது, வேலை கிடைக்காது என்பதைவிட, மனிதத்தன்மைக்கே ஒவ்வாது என்று எனக்குத் தோன்றும்.

தக்கலையிலிருந்து:

நான் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறேன். எங்கள் குழுவைச் சேர்ந்த நான்கு பெண்கள் இந்த வேலையைச் செய்கிறோம். மேலே எழுதிய இரு அண்ணன்மாருக்கும் இருக்கும் ஒரு தடை எங்களுக்கு இல்லை. பெண்கள் தனியாக இருக்கும் வீட்டில் ஆண்களை முற்றம் வரைதான் விடுவார்கள். எங்களைப் படுக்கையறை வரை விடுகிறார்கள். உட்பக்கக் கண்ணாடியும் கொசுவலையும் ஜன்னல் கம்பியும் எங்களுக்குக் கிடைப்பது அப்படித்தான். இந்த வலையும் கம்பியும்தான் உண்மையில் நேரம் தின்னும் வேலை. கண்ணாடிக்கு மட்டும் விலை பேசிவிட்டு உள்ளே போனால் "இந்த வலையையும் கொஞ்சம் தட்டிவிடு மக்ளே" என்பார்கள். அதற்கும் சேர்த்து வாசலிலேயே பேசிவிடுவதுதான் சரி.

ஆனால் எங்களுக்கு வேறொரு தடை உண்டு. "பொம்பளைகளா ஏணியில ஏறப் போறிய?" என்று இரணியலில் ஒரு பெரியவர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். மாடி ஜன்னலுக்கு நாங்கள் ஏணி ஏறுவதில்லை. நீண்ட கம்பில் பொருத்திய துடைப்பானை வைத்துக் கீழே நின்றே வேலையை முடிக்கிறோம் என்று சொல்லி, கம்பை நீட்டிக் காட்டினோம். அவர் அதை வாங்கித் தாமே ஒரு ஜன்னலைத் துடைத்துப் பார்த்தார். அதன் பிறகு அந்தத் தெருவில் நாங்கள் கதவைத் தட்டவே வேண்டியிருக்கவில்லை; பெரியவரே ஒவ்வொரு வீட்டிலும், "நம்ம பிள்ளைய வந்திருக்கு" என்று குரல் கொடுத்தார். புதிய தெருவுக்குள் நுழையும்போது முதலில் இப்படி ஒருவரைத் தேடுங்கள். கடைக்காரராகவோ ஓய்வு பெற்றவராகவோ பெரும்பாலும் இருப்பார்.

ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு ஒரு விலையும் அடுத்த வீட்டுக்கு வேறு விலையும் சொல்லாதீர்கள். மாலைக்குள் இரண்டு வீட்டுக்கும் அது தெரிந்துவிடும். பேரம் பேசினால் விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைக்கிறோம்: முன்பக்கம் மட்டும், அல்லது வலையில்லாமல்.

குலசேகரத்திலிருந்து:

எங்கள் மலையோரப் பகுதியில் வீடுகள் தள்ளித் தள்ளி ரப்பர் தோட்டத்துக்குள் இருக்கும். ஒரு காலைப் பொழுது முழுவதும் நடந்தாலும் அதிகக் கதவுகளைத் தட்ட முடியாது. "நாய் உண்டு" என்று எழுதிய பலகைதான் முதலில் வரவேற்கும். நான் கேட்டில் கை வைப்பதற்கு முன்பே சாலையில் நின்று குரல் கொடுத்துவிடுவேன். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை அருகில் உள்ள வீடுகளில் கண்ணாடியில் பழுப்பு நிறப் பிசுக்கு ஏறியிருக்கும். அது வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டால்தான் விடும். இலை உதிர்ந்து ரப்பர் பால் வெட்டு நிற்கும் காலத்திலும் மழை விடாமல் பெய்யும் காலத்திலும் இங்கே கையில் காசு ஓடாது. அப்போது போனால் அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து:

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஆண்டில் எந்த மாதம் வீடுகளுக்குப் போவது நல்லது என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். என் கணக்கில் இரண்டு காலங்கள் முக்கியமானவை. வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருவதால், குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் வருவார்கள். அது இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்காலம். கண்ணாடி துடைக்க ஏற்ற பருவம் அல்ல. இருந்தாலும் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும் என்ற அவசரம் பெரியவர்களுக்கு ஜூன் மாதப் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடும். அப்போது தட்டினால், மழை விட்ட இடைவெளியில் வேலை நடக்கும். அடுத்தது கிறிஸ்துமஸ். டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா முடிந்த கையோடு வெள்ளையடிப்பும் சாயம் பூசுவதும் தொடங்கும். சாயம் பூசுபவர்கள் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகத் தெளித்துவிட்டுப் போவார்கள். சாயவாளி நிற்கும் வீடாகப் பார்த்துச் சென்றால் மறுப்பு அபூர்வம். ஆனால் அந்தச் சொட்டுகளைப் பிளேடால் சுரண்டுவதற்கு முன், அது கடினப்படுத்திய கண்ணாடியா என்று மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். அப்படிப்பட்ட கண்ணாடியில் பிளேடு போட்டால் மெல்லிய கீறல்கள் விழக்கூடும். வெயிலில் அவை பளிச்சென்று தெரியும்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் மாடி வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். காற்றாலைகள் நிற்கும் இடத்தில் ஏணி நிற்காது.

பணம் வாங்குவதைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்புவார் என்று சொல்லும் வீடுகளில், வேலை முடிந்து பல நாட்கள் கழித்தும் "இன்னும் வந்து சேரலையே" என்பார்கள். அம்மாவிடம் கடிந்து கேட்கவும் நமக்கு மனம் வராது. ஆதலால் காணொளியில் பேசும்போதே, வேலை முடிந்த அன்றே வீட்டில் இருப்பவர் கையால் கொடுத்துவிட வேண்டும் என்று இருவர் காதிலும் விழும்படி சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் அப்போதே அம்மா, "எங்கிட்ட பென்ஷன் பணம் இருக்குல்லா, நான் குடுக்கேன்" என்று சொல்லிவிடுகிறார்.