டோல் வந்தா எந்தப் பக்கம் வைப்பாவ? – எங்க குடும்ப குரூப்புல ஒரு ஞாயித்துக்கிழமை

டெம்போ அண்ணன்: எல்லாரும் எந்திச்சாச்சா. நேத்து சாயங்காலம் நம்ம குளத்துக்கு மேக்க களியக்காவிளை நாலுவழிச்சாலையில நாலஞ்சு பேரு டேப்பு புடிச்சு அளந்து சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போயிருக்காவ. என்னத்துக்குன்னு கேட்டா ஒருத்தன் டோல் பிளாசாங்கான், இன்னொருத்தன் லாரி நிறுத்த எடம்ங்கான்

மார்த்தாண்டம் அக்கா: டோலா??? ரோடே இன்னும் முழுசா முடியல்ல. பாதி எடத்துல மண்ணு கெடைக்கல்லன்னு வருசக்கணக்கா கெடக்கு, அதுக்குள்ள பைசா வாங்க எடம் பாத்தாச்சாக்கும்

தோவாளை அத்தை: காலை வணக்கம் மக்களே 🌼🌼

தோவாளை அத்தை: யாரு அளந்தாவ? எவனாவது வீட்டுமனை அளந்திருப்பான்

டெம்போ அண்ணன்: இல்ல அத்தை ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் அளந்திருக்காவ. மனைக்கு எதுக்கு ரோட்டுக்கு குறுக்க டேப்பு புடிக்கணும்

சித்தப்பா: *ஃபார்வேர்டு* அவசர செய்தி!! டோல்கேட்டில் இருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் ஆதார் கார்டு காட்டினால் போதும், கட்டணம் கிடையாது!! இதை யாரும் சொல்ல மாட்டார்கள்!! அனைவருக்கும் பகிருங்கள்!!

சித்தப்பா: பாத்தியளா, நமக்கு ஃப்ரீதான். பயப்படாண்டாம்

மைனி: அப்ப பிரச்சினையே இல்லல்லா

ஓவர்சியர் மாமா: மக்கா அதை நம்பாதீங்க, அது தப்பு. இருபது கிலோமீட்டருக்குள்ள இருக்கவங்களுக்கு ஃப்ரீ கெடையாது, மாச பாஸ்தான். 2008-ல வந்த தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியில சொந்த உபயோக வண்டிக்கு மாசம் 150 ரூபான்னு 2007-08 ரேட்டுல வச்சான், அது வருசா வருசம் ஏறி 2025-26ல 350 ஆச்சு. ஆதாரைக் காட்டுனா சும்மா விடுவான்னு எந்த விதியிலயும் இல்ல. முகவரிக்கு ஆதாரும் வண்டிக்கு ஆர்.சி. புக்கும் கொண்டு போனா பாஸ் தருவான், அதுவும் அந்த ஒரு டோலுக்கு மட்டும்

சித்தப்பா: அத்தான் இது எனக்கு மூணு குரூப்புல வந்துட்டு

ஓவர்சியர் மாமா: முப்பதுல வந்தாலும் அப்பிடித்தான்

துபாய் தம்பி: 😂😂 இங்க துபாய்ல சாலிக்னு ஒண்ணு இருக்கு. பூத்தும் கெடையாது கம்பும் கெடையாது, கேட்டுக்கு அடியில காரு போனாலே 4 திர்ஹம் போச்சு. 2025ல இருந்து காலையிலயும் சாயங்காலமும் 6 ஆக்கிட்டான். ஒருத்தனும் கேக்கல்ல

மார்த்தாண்டம் அக்கா: உனக்கென்ன, கம்பெனி காரு

மார்த்தாண்டம் அக்கா: மாமா எனக்கு ஒரு சந்தேகம். நான் வாரம் ஆறு நாளும் மார்த்தாண்டத்துல இருந்து நாகர்கோவிலுக்கு காருல வாறேன். 2025-ல 3000 ரூபாய்க்கு வருச பாஸ்னு ஒண்ணு வந்துதுல்லா, அதைப் போட்டா போதுமா

ஓவர்சியர் மாமா: அது 2025 ஆகஸ்ட் 15-ல வந்தது. ஃபாஸ்டேக்குல ஏத்துவான், காரு ஜீப்பு வேனு மாதிரி சொந்த வண்டிக்கு மட்டும். ஆனா வருசம் முழுக்கன்னு நெனைக்காத. ஒரு வருசம், இல்லன்னா 200 தடவை டோல் கடக்குறது, எது முந்தி வருதோ அதோட தீந்துரும். நீ போக வர ஒரு நாளைக்கு ரெண்டு, ஆறு நாளுக்கு பன்னெண்டு. நாலு மாசத்துல முடிஞ்சிரும், பொறவு திரும்பவும் பைசா கட்டணும். அந்த பாஸ் எப்பவாவது மதுர, சென்னைன்னு போறவனுக்குக் கொள்ளாம். தெனம் ஒரே டோலைத் தாண்டுறவளுக்கு லோக்கல் மாச பாஸ்தான் லாபம், 2025-26 ரேட்டுல வருசத்துக்கு 4200, எத்தன தடவ வேணும்னாலும் போகலாம்

மார்த்தாண்டம் அக்கா: சரி அப்ப மாச பாஸ் எடுத்துருவேன். முடிஞ்சுது பிரச்சினை

ஓவர்சியர் மாமா: முடியல்ல மக்கா, இனிமதான் இருக்கு. அதே விதியில கீழ ஒரு வரி போட்டுருக்கான். அந்த ஆளு போறதுக்கு சர்வீஸ் ரோடோ மாற்றுப் பாதையோ இருந்தா மாச பாஸ் குடுக்காண்டாம். நம்ம பழைய ரோடு என்ன? வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறைன்னு களியக்காவிளை வரைக்கும் நீளமா கெடக்குல்லா. நாளைக்கு எவனாவது அதைக் காட்டி "உங்களுக்கு மாற்றுப் பாதை இருக்கு, அதுல போங்க"ன்னு சொன்னா என்ன செய்வ

மார்த்தாண்டம் அக்கா: அந்த ரோட்டுல போக முடியாதுன்னுதான இந்த ரோட்டையே போடுதாவ!!!

நான்: இதைத்தான் மனுவுல எழுதணும் போலுக்கு

டெம்போ அண்ணன்: எங்க கதைய ஒருத்தரும் கேக்கல்ல. நான் தோவாளையில ராத்திரி பூவு ஏத்தி விடியுமுன்ன திருவனந்தபுரத்துல சாலைன்னு பேருள்ள மார்க்கெட்டுல எறக்கணும், திரும்ப வரும்போது கெடச்சா ஏதாவது சரக்கு இல்லன்னா காலி வண்டி, காலி வண்டிக்கும் டோல் உண்டு. அந்த லோக்கல் மாச பாஸ் மஞ்ச போர்டுக்குக் கெடையாதுல்லா மாமா?

ஓவர்சியர் மாமா: கெடையாது. ஆனா டோல் எந்த ஜில்லாவுல இருக்கோ அதே ஜில்லாவுல பதிவான வண்டின்னா பாதிக் கட்டணம், நேஷனல் பெர்மிட் இல்லாம இருக்கணும். உனக்கு என்ன பெர்மிட்டு

டெம்போ அண்ணன்: நேஷனல் பெர்மிட்டுதான். கேரளாவுக்குப் போகணும்லா

ஓவர்சியர் மாமா: அப்ப பாதி கெடையாது

டெம்போ அண்ணன்: கொள்ளாம். பக்கத்து ஸ்டேட்டுக்குப் பூவு கொண்டு போறவனும் டெல்லிக்கு டைல்ஸ் கொண்டு போறவனும் ஒண்ணு

தோவாளை அத்தை: ஓணம் சீசன்ல ஒரு வண்டி அரமணிக்கூறு லேட்டானா அங்க வாங்குறவன் வெலைய அடிச்சுருவான் மக்களே. கேந்தியும் வாடாமல்லியும் கியூவுல நிக்குமா? இதையும் எழுதுங்க

சித்தப்பா: எவ்வளவு வாங்குவான் அத்தான்? இருநூறு முன்னூறுன்னு சொல்லுதாவ

ஓவர்சியர் மாமா: இப்ப யாரு சொன்னாலும் அது வாய்க்கணக்கு. முடிஞ்ச ரோட்டோட நீளத்தை வச்சுதான் கணக்குப் போடுவான், அரசிதழ்ல வந்த பொறவுதான் ரேட்டு. ஆனா ஏறத்தாழ சொல்லலாம். நாலுவழிச்சாலைக்கு 2007-08 அடிப்படை ரேட்டு காருக்கு கிலோமீட்டருக்கு 65 பைசா, சின்ன சரக்கு வண்டிக்கு 1 ரூபா 5 பைசா, பஸ்ஸு லாரிக்கு 2 ரூபா 20 பைசா, நாலு அச்சு டாரஸ் லாரிக்கு 3 ரூபா 45 பைசா. இதுல ஒவ்வொரு ஏப்ரல் 1-க்கும் 3 சதவீதமும் அதுக்கு மேல மொத்தவிலைக் குறியீடு ஏறுனதுல 40 சதவீதமும் கூட்டுவான். 150 எப்பிடி 350 ஆச்சோ அதே மாதிரிதான் இதுவும். அப்பிடிப் பாத்தா 2025-26 கணக்குல கிலோமீட்டருக்கு காருக்கு ஒண்ணரை ரூபா, டெம்போவுக்கு ரெண்டரை ரூபா கிட்ட, டாரஸுக்கு எட்டு ரூபா. பெரிய பாலம், பைபாஸ் இருந்தா அதுக்குத் தனிக் கணக்கு. 40 கிலோமீட்டருக்குப் போட்டான்னு வை, காருக்கு அறுபது, டெம்போவுக்கு நூறு, டாரஸுக்கு முன்னூத்தி இருபது. 24 மணிக்கூறுல திரும்பி வந்தா ரெண்டு மடங்கு இல்ல, ஒண்ணரை மடங்கு

மைனி: எங்க வீட்டு டெம்போவுக்கு ஒரு நாளைக்கு 150. மாசத்துக்கு கூட்டிப் பாத்தா தலை சுத்துது 😭

மைனி: இன்னைக்கு நெத்திலி கொண்டு வாற அக்கா வரல்லயா? யாராவது பாத்தியளா

தோவாளை அத்தை: இங்க வந்துட்டுப் போயிட்டா, வாளையும் சாளையும்தான் இருந்துது

சித்தப்பா: பைசா பைசான்னு பேசுதீங்க. எனக்கு டோலை விட பெரிய பயம் அந்த டாரஸுதான். கேரளாவுக்கு கல்லும் எம்சாண்டும் ஏத்திட்டுப் போற லாரி இப்பவே ராத்திரி பகலு தெரியாம ஓடுது, எத்தன பேரு அடிபட்டாவ. ஒரு தடவைக்கு முன்னூறு ரூபான்னா அவன் டோல் வழியா போவானா? டோலுக்கு முன்னாடி நம்ம குளத்தாங்கரை ரோட்டுல எறங்கி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால வந்து, அந்தப் பக்கம் ஏறிருவான். நம்ம ரோடு பஞ்சாயத்து ரோடு, மினி பஸ்ஸுக்கே ஒதுங்கி நிக்கணும். டோல் வந்தா பிள்ளையள சைக்கிள்ல விட முடியாது

நான்: சித்தப்பா சொன்னதுதான் முதல்ல எழுதணும்

டெம்போ அண்ணன்: ஆமா, நானே அப்பிடித்தான் போவேன், உண்மையச் சொன்னா. ஒரு நாளைக்கு 150 மிச்சம்னா எந்த டிரைவரும் ரோடு பாக்க மாட்டான்

ஓவர்சியர் மாமா: ரெண்டு பேரும் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அளந்தது டோலுக்கா லாரி நிறுத்துற எடத்துக்கான்னு நாம அடிச்சுக்கிடாண்டாம். நாளைக்கு வேற எடத்துல அளப்பான். டோலே வேண்டாம்னு நாமளும் கத்தலாம், தப்பில்ல. ஆனா ரோட்டு வேலை முடிஞ்சா எங்கயாவது வைக்கத்தான் செய்வான். அதனால எங்க வைக்குதாங்கறதுதான் நமக்கு முக்கியம். குறுக்க எறங்குற ரோட்டுக்குப் பக்கத்துல வச்சா லாரி ஊருக்குள்ள, ரெண்டு பக்கமும் எறங்க வழியில்லாத எடத்துல வச்சா லாரி டோலுக்குள்ள. அளக்குற இந்த சமயத்துலயே எழுதிக் குடுத்துரணும். காங்கிரீட் போட்ட பொறவு ஒருத்தனும் நகத்த மாட்டான்

நான்: மாமா, நகரத்துல இருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால வைக்கணும்னு ஒரு விதி இருக்குன்னு சொல்லுதாவளே. நாகர்கோவில் 2019ல மாநகராட்சி ஆயிட்டுல்லா

ஓவர்சியர் மாமா: இருக்கு, அதே 2008 கட்டண விதியில எட்டாவது. ஆனா அதுலயும் ஓட்டை உண்டு. காரணத்தை எழுதி வச்சுட்டு அஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் கிட்ட வரலாம். அந்த ரோடு முக்கியமா அந்த ஊர்க்காரங்களுக்காகவே போட்டதுன்னா அதுக்குள்ளயும் வைக்கலாம். அதனாலதான் காரணத்தை எழுத்துல காட்டுன்னு கேக்கணும்

சித்தப்பா: அறுவது கிலோமீட்டருக்கு ஒரு டோல்தான்னும் கேட்டேன். திருப்பதிசாரத்துல ஒண்ணு இருக்குல்லா, அப்ப இங்க எப்பிடி வைப்பான்

ஓவர்சியர் மாமா: அது ஒரே ரோட்டுல ஒரே திசையில போனா. திருப்பதிசாரம் காவல்கிணறு ரோட்டுல இருக்கு, 944-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. இது களியக்காவிளை ரோடு, நம்ம பழைய 47, இப்ப 66. அந்தக் கணக்கு இங்க ஒட்டாது. அதைப் புடிச்சு மனு எழுதுனா அவன் ஒரு வரியில பதில் போட்டு மூடிருவான்

துபாய் தம்பி: மாமா வக்கீலாயிருக்கணும்

ஓவர்சியர் மாமா: ஓவர்சியர் வேலையில பாதி வக்கீல் வேலைதான்டே

சித்தப்பா: நான் ஒண்ணு சொல்லுதேன், யாரும் சண்டைக்கு வராதீங்க. வயலுக்கு நடுவுல மண்ணடிச்சு ரோட்டை ஆள் உயரத்துக்கு உசத்தும்போது நாம சும்மா இருந்தோம். இப்ப கும்பப்பூ நெல்லு நட்டா கெழக்க இருக்க வெள்ளம் மேக்க போக வழியில்ல, குழாய் வச்ச எடத்துல மண்ணு அடைச்சுக் கெடக்கு. 2021 நவம்பர் மழையில பாத்தமே. டோல் பிளாசான்னா ரோடு இன்னும் அகலமாகும், பத்து வண்டி நிக்கணும்லா. அப்ப குளத்துக்கரையத்தான் தொடுவான்

தோவாளை அத்தை: தம்பி சொல்லுதது சரி. குளத்தைத் தொட விடாதீங்க

மார்த்தாண்டம் அக்கா: அதையும் எழுதணும். மடையும் மறுகாலும் எங்க இருக்குன்னு படம் வரைஞ்சு வைக்கணும்

நான்: சரி எழுதிப் பாக்குதேன், பத்து நிமிசம்

மைனி: சாளை வாங்கியாச்சு. மரச்சீனி இருக்கு. மத்தியானம் யாரு வாறீங்க

டெம்போ அண்ணன்: எல்லாரும்

நான்: இப்பிடி எழுதிருக்கேன், பாருங்க. "எங்கள் ஊர் வழியாகச் செல்லும் நான்குவழிச் சாலையில் சுங்கச்சாவடி அமைக்க அளவெடுத்ததாகத் தெரிகிறது. அது உண்மையெனில் இடத்தையும், மாநகராட்சி எல்லையில் இருந்து உள்ள தூரத்தையும், அந்த இடத்தைத் தேர்ந்த காரணத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஊராட்சிச் சாலை இறங்கும் இடத்துக்கு அருகில் சாவடி அமைத்தால் கனரக லாரிகள் கட்டணம் தவிர்க்கப் பள்ளி வழியாக வரும் என்பதால் அவ்விடத்தைத் தவிர்க்க வேண்டும். பழைய சாலையை மாற்றுப் பாதையாகக் காட்டி உள்ளூர் மாத பாஸ் மறுக்கக் கூடாது. குளத்தின் கரையையும் மறுகாலையும் தொடக் கூடாது"

ஓவர்சியர் மாமா: நல்லாருக்கு. ரெண்டு சேத்துக்கோ. ஊராட்சி ரோட்டுல கனரக வண்டிக்குத் தடை போடணும், அதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆம் பிரிவுல அதிகாரம் இருக்கு, கலெக்டர் நெனைச்சா முடியும். பொறவு பூவு, மீனு, காய்கறி கொண்டு போற உள்ளூர் டெம்போவுக்கு நேஷனல் பெர்மிட் இருந்தாலும் சலுகை வேணும்னு கோரிக்கையா எழுது. விதியில அது இல்ல, இருந்தாலும் எழுது. எழுதாததை ஒருத்தனும் தர மாட்டான்

டெம்போ அண்ணன்: மாமா ❤️❤️

சித்தப்பா: "டோலே வேண்டாம்"னு ஒரு வரி மேல போடு. என் மனசுக்காவது

நான்: போட்டாச்சு சித்தப்பா

ஓவர்சியர் மாமா: திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல குறைதீர் நாள், ஒரு காப்பி அங்க, ரசீது கேட்டு வாங்கு. இன்னொண்ணு நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ரிஜிஸ்டர் தபால்ல. அதோட நிக்காம கிராம சபையில தீர்மானமா போடணும், தீர்மானப் புத்தகத்துல ஏறுனா அதுக்கு ஒரு கனம் உண்டு. நவம்பர் 1-ல கிராம சபை உண்டுல்லா

சித்தப்பா: அன்னைக்கு நம்ம குமரி ஜில்லாவுக்கு லீவு வேற. 1956-ல தமிழ்நாட்டோட சேந்த நாளு. ஆளு வருவாவ

மார்த்தாண்டம் அக்கா: நவம்பர் வரைக்கும் காத்திருந்தா தூண் எழும்பிரும் சித்தப்பா. திங்கக்கிழமை மனு, கிராம சபைக்கு அது பாட்டுக்கு

டெம்போ அண்ணன்: நாளைக்கு நான் சாலை மார்க்கெட்டுல இருந்து திரும்பி வர எட்டரை ஆகும், நேரா கலெக்டர் ஆபீசுக்கு வந்துருதேன். ஆட்டோ ஸ்டாண்டுலயும் மினி பஸ் ஆளுகள்ட்டயும் கையெழுத்து வாங்கிருதேன்

நான்: மனு டைப் அடிக்க டி.டி.பி. கடை இன்னைக்கு உண்டா?

மைனி: மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் தொறந்திருப்பான். சாப்பிட வரும்போது எல்லாரும் ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு கொண்டு வாங்க, வண்டி உள்ளவங்க ஆர்.சி.யும். சித்தப்பா நீங்க கண்ணாடியும் எடுத்துட்டு வாங்க, போன தடவ மாதிரி வாசிக்காம கையெழுத்து போடாதீங்க

சித்தப்பா: 👍