கொட்டாத முடியை நிறுத்திய கோழிக் கழுத்து

அடையாறு அக்கா:
நேற்று பச்சைக்கறிப் பக்தன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. "என் ஷிட்ஸு நாய்க்குத் தினமும் இரண்டு பச்சைக் கோழிக் கழுத்து. மூன்றே மாதத்தில் முடி கொட்டுவது நின்றுவிட்டது." ஐயா, ஷிட்ஸுவுக்கு முடி கொட்டுவதே குறைவு. உதிர்கிற முடியும் தரையில் விழாமல் உடம்பிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் நாங்கள் எல்லாம் தினமும் சீப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறோம். கொட்டாத முடியை நிறுத்திய பெருமை கழுத்துக்கா?

பச்சைக்கறிப் பக்தன்:
வாங்க அக்கா. போன வருஷம் உண்ணிப் பேச்சில் தோற்ற கணக்கை இன்றைக்குத் தீர்க்க வந்தீர்களா? முடியை விடுங்கள், கழுத்துக்கு வருவோம். பச்சை எலும்பு வளைந்துகொடுக்கும். வேகவைத்த எலும்புதான் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இது அரிச்சுவடி. இயான் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் 1993-லேயே இதைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார். நீங்கள் இன்னும் கடையில் விற்கும் டப்பா உருண்டைத் தீனியைக் கொட்டிவிட்டு, கண்ணுக்குக் கீழே ஏன் செம்பட்டைக் கறை என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அடையாறு அக்கா:
தோற்றேனா? பாதியில் ஓடியது யார் என்று பழைய பதிவைப் போய்ப் பாருங்கள். கண்ணீர்க் கறை கண்ணீரில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமியால் வருவது, உருண்டையால் மட்டும் வருவதில்லை. சரி, உங்கள் கழுத்துக்கே வருகிறேன். பச்சைக்கறிக்காரர்கள் நீங்கள் ஓதுகிற மந்திரம் என்ன? 80 பங்கு சதை, 10 பங்கு எலும்பு, 5 ஈரல், 5 மற்ற உள்ளுறுப்பு. உங்கள் நாய் 5 கிலோ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடையில் இரண்டரை சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு 125 கிராம். அதில் எலும்பு பன்னிரண்டரை கிராம். இரண்டு கழுத்தில் அவ்வளவுதான் எலும்பு இருக்கிறதா? கறிக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தீர்களா?

பச்சைக்கறிப் பக்தன்:
தராசு எதற்கு? அது மந்திரமும் இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை. ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும், வாரக் கணக்கில் சரியாகிவிடும். அதோடு கடையில் வருவது ஆறு வாரத்து பிராய்லர். அதன் கழுத்து எலும்பு கிட்டத்தட்டக் குருத்தெலும்பு. என் கட்டைவிரலால் நசுக்குகிறேன்.

கோவைக்காரன்:
தினமும் இரண்டு என்று எழுதிவிட்டு வாரக் கணக்கு என்கிறீர்கள். எந்தக் கிழமையில் குறையும்? நான் ஒரு கிளினிக்கில் நாலு வருஷம் உதவியாளராக இருந்தவன். ஷிட்ஸுவின் தாடை குட்டை, பற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கழுத்தைக் கடித்து நொறுக்க வாகான வாய் இல்லை அது. அப்படியே விழுங்கப் பார்க்கும். அப்புறம் இன்னொன்று. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. கால்கள் செயலிழந்துபோகும் ஒரு நரம்பு நோய் வந்த 27 நாய்களையும் வராத 47 நாய்களையும் ஒப்பிட்டார்கள். பச்சைக் கோழிக்கறி தின்பதற்கும் அந்த நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. சந்தேகம் விழுந்தது கேம்பிலோபாக்டர் என்ற கிருமி மேல். அங்கேயும் கோழிக் கழுத்துதான் பேச்சு.

பச்சைக்கறிப் பக்தன்:
27 நாய்! எங்கள் தெருவிலேயே அதைவிட அதிகம். அது ஆஸ்திரேலியக் கோழி. நான் காலையில் கண்ணெதிரில் வெட்டி வாங்குகிறேன், வந்ததும் ஃப்ரீசரில் வைக்கிறேன். கிருமி எங்கே இருக்கும்?

கோவைக்காரன்:
ஃப்ரீசருக்குள்தான் இருக்கும். குளிரில் சால்மோனெல்லா தூங்கும், சாகாது. கண்ணெதிரில் வெட்டினால் கிருமி வெட்கப்பட்டு ஓடிவிடுமா?

புது அம்மா:
வணக்கம். எங்கள் வீட்டுக்குப் போன வாரம்தான் ஷிட்ஸு குட்டி வந்தது, மூன்று மாதம் ஆகிறது. பச்சைக்கறி என்றால் என்னென்ன சேர்த்தி, ஆரோக்கியம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று யாராவது முதலில் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பச்சைக்கறிப் பக்தன்:
அதெல்லாம் அப்புறம் சொல்கிறேன் தங்கச்சி, முதலில் இவர்களுக்குப் பதில். நாய் ஓநாயின் வாரிசு. ஓநாய் அடுப்பு மூட்டியதா?

தயிர்சாதம்:
எங்கள் வீட்டு பொமரேனியன் தயிர்சாதமும் அவித்த கேரட்டும் தின்று 14 வருஷம் இருந்தது. கழுத்தும் இல்லை, ஒரு கவலையும் இல்லை.

பச்சைக்கறிப் பக்தன்:
பாவம் அந்த நாய். கழுத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

தயிர்சாதம்:
செத்துப்போன பிள்ளையைப் பற்றி இப்படிப் பேச வாய் எப்படி வந்தது? 14 வருஷம் ஐயா. உங்களுடையது இப்போதுதான் இரண்டு.

கோவைக்காரன்:
ஓநாய்க் கதைக்கு 2013-லேயே ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்விலிருந்து பதில் வந்துவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம். மனிதனோடு இருந்து சோறு தின்னப் பழகிய ஜாதி அது.

சிப்பிப்பாறைச் சிங்கம்:
கம்மங்கூழ் குடித்தே முயலை விரட்டிப் பிடிக்கும் எங்கள் ஊர் நாய். திபெத்துக் குளிருக்குப் பிறந்த சப்பை மூக்கை சென்னை வெயிலில் ஏசி போட்டு வளர்த்துவிட்டு, அதற்கு என்ன ஊட்டுவது என்று மாநாடு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாட்டு நாய் வளர்த்தால் இந்தப் பேச்சே வராது.

அடையாறு அக்கா:
நீங்கள் எல்லா இடத்திலும் இதையேதான் எழுதுகிறீர்கள். போன மாதம் பூனை பற்றிப் பேசும்போதும் வந்து சிப்பிப்பாறை என்றீர்கள்.

சிப்பிப்பாறைச் சிங்கம்:
உண்மை கசக்கத்தான் செய்யும்.

அடையாறு அக்கா:
பக்தன் சார், இதற்குப் பதில் சொல்லுங்கள். ஷிட்ஸுவுக்கு மீசையும் தாடியும் தொங்குகிறது. பச்சைக் கோழியின் சாறு முழுக்க அந்தத் தாடியில்தான் இறங்கும். அந்தத் தாடியோடு சோபாவில் ஏறி, உங்கள் பேத்தி முகத்தில் தேய்க்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2012-லேயே கிருமி நீக்காத பச்சைக்கறி வேண்டாம் என்று சொன்னது நாய்க்காக மட்டுமில்லை, வீட்டு மனிதர்களுக்காகவும்தான். நான் கோழியை வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, சுண்ணாம்புச்சத்துக்கு முட்டை ஓட்டுப் பொடியை டாக்டர் சொன்ன அளவில் கலக்குகிறேன். வெறும் சதையில் பாஸ்பரஸ் நிறைய இருக்கும், கால்சியம் இருக்காது. அது எனக்கும் தெரியும். என் ஷிட்ஸுப் பொண்ணுக்கு ஒன்பது வயது, கருகருவென்று முடி.

பச்சைக்கறிப் பக்தன்:
ஆக எலும்பு வேண்டும் என்று ஒத்துக்கொண்டீர்கள்! ஓட்டைப் பொடித்துக் கொட்டுவதற்குக் கழுத்தையே கொடுக்கலாமே? தாடிக்கு வழி இருக்கிறது. சாப்பிடும் முன் இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட், சாப்பிட்டபின் வெந்நீர்த் துணி. பத்து நிமிஷம். நாய் வளர்க்கச் சோம்பல் கூடாது. டாக்டர் டாக்டர் என்கிறீர்கள், உருண்டை மூட்டையை விற்பதே அந்த டாக்டர்தானே? நான் மூன்று வருஷமாக இதையேதான் சொல்கிறேன், ஒருவருக்கும் காது கேட்கவில்லை. கழுத்தை வேகவைக்காதீர்கள், பிரச்சினை இல்லை. நாட்டுக்கோழிக் கழுத்து வேண்டாம், அதன் எலும்பு முற்றியது. பிராய்லர் கழுத்து, தோல் உரித்தது. தோலில் கொழுப்பு, அது கணையத்துக்கு ஆகாது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்பவனைக் கொலைகாரன் மாதிரி பேசுகிறீர்கள்.

அடையாறு அக்கா:
எலும்பு வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? கால்சியம் வேண்டும் என்றேன். தோலையும் உரித்துவிட்டால் மிச்சம் எலும்புதானே? அப்போது பன்னிரண்டரை கிராம் கணக்கு என்ன ஆயிற்று? அப்புறம் நீங்கள் நேற்றுப் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு அவ்வளவு நீளமா? அது ஷிட்ஸுவே இல்லை, லாசா ஆப்சோ என்ற வேறு ஜாதி. ஏமாற்றித் தலையில் கட்டிவிட்டார்கள்.

பச்சைக்கறிப் பக்தன்:
என்ன சொன்னீர்கள்?

கோவைக்காரன்:
எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மரியாதைக்குச் சொல்லவில்லை.

பச்சைக்கறிப் பக்தன்:
சான்றிதழ் வைத்திருக்கிறேன்! நல்ல சாப்பாடு சாப்பிட்டால் முகம் இப்படித்தான் எடுப்பாக இருக்கும். உங்கள் பொண்ணு மாதிரி உருண்டையாக ஊதிப்போய் இருக்காது.

அடையாறு அக்கா:
கழுத்து தின்றால் மூக்கு நீளுமா? இதையும் அந்த ஆஸ்திரேலியக்காரர் எழுதியிருக்கிறாரா?

புது அம்மா:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். குட்டி பசியில் கத்துகிறது. இப்போதைக்கு என்ன கொடுக்கட்டும்?

தயிர்சாதம்:
தயிர்சாதம்.

பச்சைக்கறிப் பக்தன்:
தயிர்சாதம் கொடுத்துவிடாதீர்கள் தங்கச்சி! சான்றிதழைப் படம் எடுத்துக்கொண்டு வருகிறேன், இருங்கள். யாரும் போகக் கூடாது.