தெஹிவளைல விடிய நாலு மணிக்குக் கூவுற சேவல், பக்கத்து வீட்டில கைக்குழந்தை. என்ன செய்யலாம்?

பின்வளவு_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தெஹிவளைல ஆறு பேர்ச்சஸ் எண்ட சின்னக் காணியில இருக்கிறம், பின்வளவு எண்டு ஒரு பதினைஞ்சு அடி இடம்தான் இருக்கு. 2022ல சாமான் விலையெல்லாம் ஏறி முட்டையும் வாங்க ஏலாமப் போன நேரம் மாமி ஊரில இருந்து வரேக்க நாலு ஊர்க்கோழி கொண்டுவந்து தந்தவ, அதில தொடங்கினது. இப்ப அஞ்சு பேடு, ரெண்டு சேவல். சேவல் ரெண்டும் இஞ்ச அடை வச்சுப் பொரிச்சதுகள்.

பெரிசு நாலு மணிக்குத் தொடங்கும், அது முடிய சின்னன் பதில் குடுக்கும், அப்பிடியே மாறி மாறி ஆறரை மட்டும் போகும். மதிலுக்கு அங்கால வீட்டில மூண்டு மாசக் குழந்தை. அந்தப் பிள்ளையின்ட அம்மா நல்ல மனுசி, நான் முட்டை குடுத்தா அவ கொக்கிஸ் பலகாரம் சுட்டுக் குடுத்து விடுவா, இவ்வளவு நாளும் ஒரு சொல் சொன்னதில்ல. போன ஞாயிறு கேற்றடியில நிண்டு, "ராத்திரி முழுக்கத் தூக்கி வச்சிருந்து நாலு மணிக்குத்தான் பிள்ளையப் படுக்கப் போடுறன், அக்கா" எண்டு சொல்லேக்க அவவுக்குக் கண் கலங்கிட்டுது. எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்ல.

வெட்டுற கதைக்கு இடமில்ல. மகன் குஞ்சில இருந்து கையில வச்சு வளத்தவன், அப்பம்மா முருகன்ட கொடியில இருக்கிறதெண்டு தொடவே விடமாட்டா. கூட்டுக்கு மேல சாக்குப் போட்டு மூடிப் பாத்தன், ஒரு வித்தியாசமும் இல்ல. யூடியூப்பில கழுத்துக்குப் பட்டி ஒண்டு கட்டினா சத்தம் குறையும் எண்டு காட்டினவங்கள், ஆபத்து இல்லையா? ஆரும் கொழும்புக்குள்ள வச்சுச் சமாளிச்ச ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_கூடு:

தங்கச்சி, நான் கொட்டாஞ்சேனைல பதினாலு வருசமா வளக்கிறன், எங்கட ஒழுங்கையில வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் இருக்கும். சேவல் வெளிச்சத்தைக் கண்டுதான் கூவுதெண்டு எல்லாரும் நினைக்கினம். ஜப்பானில நகோயா பல்கலைக்கழகத்தில 2013ல சேவல்களை எந்த நேரமும் மங்கல் வெளிச்சத்தில வச்சுப் பாத்தவை, அப்பவும் ஒரு நாளைக்கு ஒருக்கா அதுகள்ட நேரத்துக்குக் கூவிக்கொண்டு இருந்திருக்கு. பன்னிரண்டு மணித்தியாலம் வெளிச்சம், பன்னிரண்டு மணித்தியாலம் இருட்டு எண்டு வச்சா, வெளிச்சம் வர ரெண்டு மணித்தியாலத்துக்கு முந்தியே தொடங்கியிருக்கு. எங்களுக்கு வருசம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தானே விடியுது, அப்ப நாலு மணி எண்டுறது அதின்ட உடம்புக்குள்ள இருக்கிற மணிக்கூடு. அதை நிப்பாட்ட ஏலாது. அது கூவட்டும், அந்தப் பிள்ளையின்ட காதுக்குப் போகாமப் பாக்கிறதுதான் எங்கட வேலை. அதுக்கு மேலயும் கார் லைற், தெரு லைற், தூரத்தில வேற சேவல்ட சத்தம் எல்லாம் கிளப்பிவிடும், அதுகளை மறைக்கலாம்.

உங்களுக்கு முதல் பிரச்சினை ரெண்டு சேவல் இருக்கிறது. அதே ஆக்கள் 2015ல இன்னொண்டு கண்டுபிடிச்சவை, கூட்டத்தில பெரிய இடத்தில இருக்கிற சேவல்தான் முதல் கூவும், மற்றதுகள் தரவரிசைப்படி பின்னால கூவும். ஒண்டைக் குடுத்தா நாலு மணிக் கூவல் போகாது, மிச்சம் நிக்கிறது அந்த இடத்தை எடுத்திடும். ஆனா அந்த மாறி மாறிக் கூவுறது நிண்டிடும், நித்திரையைக் குழப்புறதே அதுதானே. அஞ்சு பேட்டுக்கு ஒரு சேவலே கூட. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு வேணுமெண்டாத்தான்.

சாக்கால ஒண்டும் ஆகாது. சத்தத்தை மறிக்கிறதுக்குப் பாரம் வேணும், சாக்குக்குள்ளால காத்துப் போற மாதிரிச் சத்தமும் போகும். ராத்திரிக்கு மட்டும் ஒரு பெட்டி செய்யுங்கோ. அரை அங்குல பிளைவூட்டை ரெண்டு பட்டையா அடிச்சு, உள்ளுக்குப் பழைய றப்பர் மற் ஒட்டினா நல்லது. உயரம்தான் முக்கியம்: சேவல் சும்மா நிக்க, திரும்ப, படுக்க வசதியா இருக்க வேணும், ஆனா கூவுறதுக்கு நிமிந்து கழுத்தை நீட்டினா தலை முகட்டில முட்ட வேணும். ஒவ்வொண்டுக்கும் உயரம் வேற, அதால உங்கட சேவலை நிக்க வச்சு அளந்து வெட்டுங்கோ. சில சேவல் குனிஞ்சும் கூவப் பழகிடும், அப்பவும் சத்தம் பாதிக்குத்தான் வெளிய வரும்.

காத்தில மட்டும் அசட்டையா இருக்காதேங்கோ. கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும், கொழும்பு ஈரச் சூட்டில மூடின பெட்டி அடுப்பு மாதிரி. ஒரு பக்கம் கீழ ஒரு ஓட்டை, எதிர்ப் பக்கம் மேல ஒரு ஓட்டை போட்டு, ரெண்டுக்கும் உள்ளால ஒரு பலகையைச் சாய்ச்சு அடிச்சா காத்து வளைஞ்சு போகும், வெளிச்சமும் சத்தமும் நேர வராது. நான் பழைய கொம்பியூட்டர் ஃபான் ஒண்டையும் பூட்டி வச்சிருக்கிறன். பின்னேரம் அடைஞ்ச பிறகு தூக்கி உள்ள வைச்சு ஆறரை ஏழுக்குத் திறவுங்கோ, வெயில் ஏறுமட்டும் விடாதேங்கோ. இருட்டில அதுகள் தண்ணி குடிக்கிறேல்ல, அதால உள்ளுக்குத் தண்ணி தேவைப்படாது. அடியில விரிக்கிற மரச்சீவலை அடிக்கடி மாத்துங்கோ, எச்சத்தின்ட அமோனியா கண்ணையும் மூச்சையும் கெடுக்கும்.

பெட்டியை வைக்கிற இடத்தையும் யோசியுங்கோ. வெட்டவெளியில தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் குறையும். சேவல் பக்கத்தில நிண்டு அளந்தா 100 டெசிபலுக்கு மேல வரும், அதால மதிலோட ஒட்டி வைக்காம உங்கட குசினிச் சுவர்ப் பக்கம் கொண்டுவந்தாலே அந்தப் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும்.

வத்தளை_வாசி:

அக்கா, கழுத்துப் பட்டி பத்தி கேட்டீங்க, நான் கட்டிப் பார்த்தவன். எங்க அப்பா பதுளைல தோட்டத்துல கோழி வளத்தவரு, அவரு வேணாம்னு சொல்லியும் நான் கேக்கல. அந்த வெல்க்ரோ பட்டி என்ன பண்ணுதுன்னா, கூவுறதுக்கு முன்னாடி காத்தை நிரப்பிக் கழுத்தை விரிக்கும் பாருங்க, அதை முழுசா விரிய விடாது, அதனால சத்தம் கம்மியா வரும், நிக்காது. முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது நாள் காலைல வந்து பார்த்தா கீழ் அலகு பட்டிக்குள்ள மாட்டிக்கிட்டு, பின்னால பின்னால நடந்து சுவத்துல இடிச்சிக்கிட்டு இருந்துச்சு, கொண்டை கறுத்துப் போச்சு. அஞ்சு நிமிசம் பிந்தியிருந்தா செத்திருக்கும். அதை நினைச்சா இப்பவும் மனசு கேக்க மாட்டேங்குது. கட்டத்தான் போறீங்கன்னா பட்டிக்கும் கழுத்துக்கும் நடுவுல உங்க சுண்டுவிரல் லேசாப் போகணும், முதல் நாளெல்லாம் பக்கத்துலயே இருக்கணும், ராத்திரி தனியா விடவே கூடாது. ராத்திரி கழட்டணும்னா நாலு மணிக்கு அதுனால என்ன பிரயோசனம், நீங்களே சொல்லுங்க.

ஆப்பரேசன் பண்ணலாம்னு யாராவது சொன்னாலும் கேக்காதீங்க. கோழிக்குச் சத்தம் தொண்டையில வரல, நெஞ்சுக்குள்ள மூச்சுக்குழாய் ரெண்டாப் பிரியுற இடத்துல வருது. அங்க கத்தி வைக்கிறது உயிருக்கே ஆபத்து.

அடுத்த தடவை அடை வைக்காதீங்க, பொரிக்கிறதுல பாதி சேவலாத்தான் வரும். பிரவுன் லேயர்ங்கிற முட்டைக்கோழிக் குஞ்சு வாங்குங்க, அது பொரிச்ச அன்னைக்கே ரோமத்து நிறத்துல ஆணும் பொண்ணும் தெரியும்.

மாளிகாவத்தை_நானா:

தங்கச்சி, நான் சுபஹுத் தொழுகைக்கு எழும்புற ஆள், எனக்குச் சேவல் கூவுறது ஆசை, ஆனா ராவெல்லாம் புள்ளயத் தூக்கி வச்சிட்டு இருக்கிற தாய்க்கு அது பெரிய வேதனதான். அவங்க பொலிஸுக்குப் போகாம கேற்றடிக்கு வந்தாங்களே, அந்த மனச மதிக்கோணும். நம்மட நாட்டுல குற்றவியல் நடவடிக்கைக் கோவை 98ஆம் பிரிவுல, தொல்லைய நீக்கச் சொல்லி நீதவான் கட்டளை போடலாம், அயலவர் பிணக்குகள மத்தியஸ்த சபைக்கும் அனுப்புவாங்க. அவ்வளவு தூரம் போனா கேஸ் எப்படி முடிஞ்சாலும் அந்தக் கொக்கிஸ் திரும்ப வராது.

பெட்டி செய்ய நாலஞ்சு நாள் எடுக்கும். இண்டைக்கே போய் அவங்கட்டச் சொல்லுங்க, இன்ன நாளைக்குள்ள செஞ்சிருவேன், அதுவரைக்கும் சேவல ராவுல வீட்டுக்குள்ள வச்சிக்கிறேன்னு. எங்க வாப்பா கூடைல போட்டு குசினி மேசைக்குக் கீழதான் வைப்பாரு, நாங்கதான் அந்தச் சத்தத்துல எழும்புவோம். நம்ம வளக்கிறத நம்மதான் முதல்ல தாங்கோணும்.

பின்வளவு_அக்கா:

எல்லாருக்கும் நன்றி. பன்னிரண்டு நாளால வந்து எழுதிறன். நானா சொன்ன மாதிரி அண்டைக்கே போய்ச் சொன்னன், பெட்டி முடியுமட்டும் ரெண்டையும் குசினிக்குள்ள வச்சம், நாங்க ஒருத்தரும் நித்திரை கொள்ளேல்ல, அப்பதான் அந்தப் பிள்ளை என்ன பட்டிருக்கும் எண்டு விளங்கிச்சு. சின்னச் சேவலை மாமியோட ஊருக்கு அனுப்பியாச்சு, மகன் ரெண்டு நாள் கதைக்கேல்ல, இப்ப வீடியோ கோலில பாக்கிறான். பெரிசைப் பெட்டிக்குள்ள விட்டாச்சு. நாலு மணிக்கு உள்ளுக்குக் கூவுது, என்ர அறைக்குக் கேக்குது, மதிலுக்கு அங்கால போய் நிண்டு பாத்தன், தூரத்தில ஏதோ மாதிரித்தான். அவ தனக்கு ஒண்டும் கேக்கேல்ல எண்டுறா, எனக்காகச் சொல்றாவோ தெரியேல்ல.

ஒண்டு மட்டும் கேக்க வேணும் அண்ணை, விடிய திறக்கேக்க பெட்டியின்ட உள் முகடு ஈரமா இருக்கு, இது பிழையோ?

கொட்டாஞ்சேனை_கூடு:

ஓம், பிழைதான். மேல் ஓட்டை காணாது, காத்து உள்ள தங்குது. இண்டைக்கே ரெண்டு மடங்காப் பெரிசாக்குங்கோ, பலகையைக் கொஞ்சம் விலத்தி அடியுங்கோ. கம்பி வலை போட மறக்காதேங்கோ, தெஹிவளைல மரநாய் ஓட்டு முகட்டால இறங்கி வரும். செய்த பிறகு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருக்கா எழும்பித் திறந்து பாருங்கோ, சேவல் வாயைத் திறந்து வச்சுக்கொண்டு இருந்தா இன்னும் சூடு. வாயை மூடிக்கொண்டு இருந்தா நீங்களும் போய்ப் படுக்கலாம்.