45 நாள் நாய்க்குட்டிக்கு விற்பனை விளம்பரம் போடலாமா, கூடாதா?

மருதாணி (மதுரை)
நேற்று வேறொரு இழையில் கரிசல்காட்டான் எழுதியதை அப்படியே தருகிறேன்: "45 நாள் ஆன குட்டியை விற்பது எங்கள் பக்கம் காலங்காலமாக உள்ள வழக்கம். 8 வாரம் என்பதெல்லாம் ஏசி அறையில் வளரும் சீமை நாய்க்குப் போட்ட சட்டம்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் தனி இழை.

2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனவிருத்தி மற்றும் விற்பனை விதிகளில் சீமை நாய், நாட்டு நாய் என்ற பிரிவே கிடையாது. 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் முகநூல் குழுக்களைத் திறந்தால் "45 நாள் சிப்பிப்பாறை, ஆண் 3, பெண் 2, விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்றுதான் வரிசையாகக் கிடக்கிறது (சிப்பிப்பாறை நம் நாட்டு நாய் இனம்). பதிவு எண் போட்ட விளம்பரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் நானும் ஒரு பெண் குட்டி வாங்கினேன். ஆம்னி பஸ்ஸில், ஆப்பிள் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். பல்லைப் பார்த்த டாக்டர் "ஐந்து வாரம்கூட ஆகியிருக்காதும்மா" என்றார். ஆறாம் நாள் பார்வோ என்ற வைரஸ் நோயில் போய்விட்டது. விற்றவர் அப்புறம் போனே எடுக்கவில்லை.

கரிசல்காட்டான் (கோவில்பட்டி பக்கம்)
தங்கச்சி, உங்கள் குட்டி செத்ததற்கு வருத்தம். ஆனால் அது 35 நாள் குட்டி. நான் சொன்னது 45 நாள். இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்? எங்கள் தாத்தா காலத்திலிருந்து 45 நாளில்தான் குட்டி கை மாறுகிறது. ஒரு குட்டி செத்ததில்லை. 45 நாளில் அது கேப்பைக் கூழ் குடிக்கும், கோழிக்குப் பின்னால் ஓடும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஊசிமருந்து (நாமக்கல்)
கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன். கூழ் குடிக்கிறதா என்பது கேள்வியே இல்லை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஆறு வாரம் வாக்கில் குறையத் தொடங்கும். முதல் தடுப்பூசி அந்தச் சமயத்தில்தான் போடுகிறோம். ஒரு ஊசியோடு முடியாது, 16 வாரம் வரை இடைவெளி விட்டுத் தொடர்ந்து போட வேண்டும். சரியாக அந்தப் பாதுகாப்பு இல்லாத நேரத்தில் குட்டியைப் பெட்டியில் அடைத்து, பயத்தோடு பஸ்ஸில் ஏற்றி, புது ஊர், புது தண்ணீர், புது மண் என்று விட்டால் பார்வோவுக்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

அப்புறம், ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. வலித்தால் மற்றது கத்தும், தாய் உறுமும். அதைப் படிக்காமல் வந்த நாய்தான் பின்னால் வீட்டுப் பிள்ளையின் கையைக் கவ்வும். அப்போது எங்களிடம் கூட்டிவந்து "ஏன் டாக்டர் கடிக்கிறது" என்று கேட்பார்கள்.

45 நாளில் விற்கிறவருக்கு இரண்டு லாபம். ஊசிச் செலவு வாங்குகிறவர் தலையில் விழும். குட்டி நன்றாகத் தின்னத் தொடங்கும் நேரத்தில் அது வேறு வீட்டுக்குப் போய்விடும்.

கரிசல்காட்டான்
டாக்டர் சார், ஊசிச் செலவுக்குப் பயந்து விற்கிறேன் என்கிறீர்களா? என் வீட்டில் ஆறு நாய் நிற்கிறது. வெறிநாய் ஊசி ஒரு வருடம் தப்பியதில்லை. வந்து பாருங்கள், அப்புறம் பேசுங்கள். 45 நாளுக்கும் 56 நாளுக்கும் வித்தியாசம் 11 நாள். 11 நாளுக்காக ஒரு சம்சாரியைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்.

பல்லாவரத்தான்
விதியைச் சொல்கிறவர்கள் முதலில் ஒன்றைப் பார்க்கவும். 'இனவிருத்தி செய்பவர்' என்று யாரைச் சொல்கிறது அந்த விதி? விற்பனைக்காகக் குறிப்பிட்ட இன நாய் வைத்திருப்பவர், இடைத்தரகர், வியாபாரி எல்லோரும் அதில் அடக்கம். வீட்டில் ஒரு நாய் தெரியாமல் குட்டி போட்டு, அதை விற்கிறவர் இதில் வருவாரா? இதைத் தீர்த்துக்கொண்டு பேசினால் நல்லது.

கரிசல்காட்டான்
அதெல்லாம் கிடக்கட்டும் தம்பி. 45 நாளில் விற்றதால் செத்த ஒரு குட்டியைக் காட்டச் சொல்லுங்கள். 35 நாள் கணக்கு வேண்டாம்.

மருதாணி
35 நாள் குட்டி என்று நான் வாங்கவில்லையே அண்ணே! விளம்பரத்தில் 45 என்றுதான் போட்டிருந்தது. அதைத்தான் சொல்கிறேன். 45 என்று எழுதுகிற எல்லோருடைய குட்டிக்கும் 45 நாள் ஆகியிருக்கிறது என்று யார் உறுதி சொல்வது? பிறந்த தேதி போடுவதில்லை. தாயின் படம் போடுவதில்லை. மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பொருத்தித்தான் விற்க வேண்டும் என்று விதி சொல்கிறது. உங்கள் ஊரில் எத்தனை பேர் பொருத்துகிறார்கள்?

கரிசல்காட்டான்
ஏமாற்றுகிறவனுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? என் விளம்பரத்தில் 45 என்று இருந்தால் அது 45. வெள்ளிக்கிழமை பிறந்தால் வெள்ளிக்கிழமை என்று எழுதி வைக்கிறவன் நான்.

தேம்ஸ்கரை
இங்கிலாந்தில் இருப்பவன் என்பதால் ஒரு தகவல். இங்கே 2018 அக்டோபர் 1 முதல் உரிமம் பெற்றவர்தான் வியாபாரமாகக் குட்டி விற்க முடியும். அவர் போடும் விளம்பரத்தில் உரிம எண், உரிமம் கொடுத்த உள்ளாட்சி, குட்டியின் வயது, அடையாளம் தெரியும் படம், அது எந்த நாட்டில் பிறந்தது, இப்போது எங்கே இருக்கிறது எல்லாம் இருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 6 முதல் இடைத்தரகர் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே முடியாது. வளர்ப்பவரிடம் நேரில் போய்த் தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். வேல்ஸில் ஒரு குட்டிப் பண்ணையிலிருந்து 2013இல் மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால்தான் அதை 'லூசி சட்டம்' என்கிறார்கள். கூண்டிலேயே அடைத்து வைத்து அதன் முதுகெலும்பு வளைந்து போயிருந்தது. நம் ஊரில் எண் கேட்பது மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

கரிசல்காட்டான்
லண்டனில் வயிறு நிறைந்தவர்கள் போட்ட சட்டம் கரிசல் காட்டுக்கு எப்படிப் பொருந்தும்? இங்கே முயல் பிடிக்கப் போன நாய், ஆட்டுக்கிடை காத்த நாய். சோபாவில் கிடப்பதற்கு வளர்க்கவில்லை. நாங்கள் வைத்திருக்கவில்லை என்றால் இந்த இனமே இருந்திருக்காது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகுதான் உங்களுக்கெல்லாம் நாட்டு நாய் மேல் பாசம் வந்தது. அதற்கு முன் யாரும் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

வைப்பாற்று மணல் (சாத்தூர்)
இனத்தைக் காத்தேன் என்று இவர் சொல்வதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. போன வருடம் இதே கரிசல்காட்டான் 'அசல் கன்னி' என்று விளம்பரம் போட்டு விற்ற குட்டிக்கு நெஞ்சில் உள்ளங்கை அகலம் வெள்ளை. கன்னி என்றால் கறுப்பு உடம்பு, புருவத்திலும் காலிலும் செம்மண் நிறம். கேட்டால் "வளர வளர மறையும்" என்றாராம். மறைந்ததா?

கரிசல்காட்டான்
வந்துவிட்டாரய்யா. கண்காட்சியில் என் நாய் முதலில் வந்ததிலிருந்து உமக்கு வயிற்றெரிச்சல். நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை இருந்தால் கன்னி இல்லை என்று எவன் சொன்னான்? கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே இனம், நிறம்தான் வேறு.

வைப்பாற்று மணல்
ஒரே இனமா? சிப்பிப்பாறைக்காரர்களிடம் வந்து சொல்லிப் பாரும். கன்னியை எங்கள் ஆச்சி காலத்தில் காசுக்கு விற்றதே கிடையாது. கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு அனுப்புவார்கள், அல்லது நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். அதுதான் வழக்கம். காலங்காலமான வழக்கம் என்று நீர் சொல்லும் 45 நாள் விற்பனை, ஸ்மார்ட்போன் வந்த பிறகு வந்தது.

கரிசல்காட்டான்
உம்முடைய ஆச்சி காலத்திலும் 45 நாளில்தான் கொடுத்தார்கள். காசு வாங்கினார்களா இல்லையா என்பது வேறு பேச்சு. நாள் 45தானே?

ஊசிமருந்து
அந்தக் காலத்தில் அடுத்த தெருவுக்கோ பக்கத்து ஊருக்கோ போனது. மடியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். இன்றைக்குக் கோவில்பட்டியிலிருந்து பெங்களூருக்கு ராத்திரி பஸ்ஸில் பார்சல் போகிறது. நாயை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக மருத்துவச் சான்று வேண்டும் என்று 1978 விதியே சொல்கிறது. என்னிடம் சான்று கேட்டு வந்த குட்டி வியாபாரி இன்று வரை யாருமில்லை.

கரிசல்காட்டான்
பஸ்ஸில் அனுப்பச் சொல்வது வாங்குகிறவன். அவனைக் கேளுங்கள். நேரில் வா என்றால் "வேலை இருக்கிறது, ஜிபே பண்ணுகிறேன், போட்டு விடுங்கள்" என்கிறான். குட்டி சின்னதாக இருந்தால்தான் அழகு என்று 30 நாளில் கேட்கிறவனும் உண்டு. நான் 45 வரை வைத்திருந்து கொடுக்கிறேன். அதற்குப் பாராட்ட வேண்டும்.

மருதாணி
அது உண்மைதான், நானும் நேரில் போகவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் வாங்குகிறவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்றால் விதி எதற்கு?

பல்லாவரத்தான்
இன்னொன்று. விதி விற்பனையைத்தான் தடுக்கிறது. 45ஆம் நாள் விளம்பரம் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, 56ஆம் நாள் குட்டியைக் கொடுத்தால் அது மீறலா? நான் திரும்பவும் கேட்கிறேன், விற்பவர் யார், விற்பனை எது என்று முடிவு செய்யாமல்...

கரிசல்காட்டான்
பார்த்தீர்களா, தம்பியே சொல்லிவிட்டார். விளம்பரம் தப்பில்லை.

பல்லாவரத்தான்
நான் அப்படிச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டேன்.

மருதாணி
உங்கள் விளம்பரத்தில் "இன்றே எடுத்துச் செல்லலாம்" என்று இருந்ததே அண்ணே? போன வாரம் போட்டது. அதில் 45 நாள் என்றும் இருந்தது. 56 வரை வைத்திருப்பவர் 'இன்றே' என்று ஏன் எழுத வேண்டும்?

கரிசல்காட்டான்
சும்மா எழுதுவது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வைப்பாற்று மணல்
எல்லோரும் எழுதுவது போலத்தான் 'அசல் கன்னி' என்றும் எழுதினீரோ?

தேம்ஸ்கரை
அபராதம் எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள். இங்கே உரிமம் இல்லாமல் விற்றால் சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம்.

ஊசிமருந்து
இந்த விதிகள் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்தச் சட்டத்தில் விதியை மீறினால் அபராதம் அதிகபட்சம் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 60 வருடத்துக்கு முந்தைய நூறு ரூபாய் அப்படியே நிற்கிறது. பதிவுக் கட்டணமே 5,000 ரூபாய். பதிவு செய்யாமல் இருப்பதுதான் லாபம் என்று ஆகிவிட்டது. இதுதான் என் வயிற்றெரிச்சல்.

கரிசல்காட்டான்
நூறு ரூபாயா? இதற்கா நேற்றிலிருந்து சட்டம் சட்டம் என்று பயமுறுத்தினீர்கள்? இந்தா, இருநூறாகவே கட்டுகிறேன்.

மருதாணி
நூறு ரூபாய்தான் என்றால் குட்டி உயிர் நூறு ரூபாய் என்று அர்த்தமா? என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து மூன்று நாள் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளிடம் வந்து இருநூறு கட்டுகிறேன் என்று சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்
நான் விற்ற குட்டி இல்லை அது. 35 நாள் குட்டி. திரும்பத் திரும்ப என் தலையில் கட்டாதீர்கள். 2024 மார்ச்சில் இதே மாதிரிதான் 23 இன நாய்களுக்குத் தடை என்று மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் ரத்து செய்தன. வளர்க்கிறவனைக் கேட்காமல் போடுகிற எதுவும் நிற்காது.

ஊசிமருந்து
அது சுற்றறிக்கை. இது அரசிதழில் வந்த விதி. இரண்டும் ஒன்றில்லை. எட்டு வாரத்தை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை.

கரிசல்காட்டான்
எட்டு வாரம், எட்டு வாரம். வாரக் கணக்கு ஊசிக்காரர்களுக்கு. எங்களுக்கு நாள் கணக்கு. 45 என்றால் 45.

வைப்பாற்று மணல்
நெஞ்சில் வெள்ளை மறைந்ததா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

கரிசல்காட்டான்
உமக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. மூத்த பெட்டை சினையாக நிற்கிறது, இன்னும் 20 நாளில் ஈனும். விளம்பரம் போடத்தான் போகிறேன். 45 நாள் என்றே போடுவேன்.

மருதாணி
பிறந்த தேதியையும் சேர்த்துப் போடுவீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள் அண்ணே.

கரிசல்காட்டான்
வேண்டும் என்கிறவர் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளட்டும்.